செத்த மருந்து

நைட்ரிக் ஆக்சைடைக் கொடுத்து ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து, ஒரே நாளில் வீரியம் இழந்துவிடும். அந்தப் பழைய கரைசலையும் ஒப்பீட்டுக்காக எலியிடமிருந்து வெட்டியெடுத்த ரத்தக்குழாய் வளையத்தில் விட்டுப் பார்ப்பார்கள். வளையம் தளரக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் பவானேஸ்வரி விட்டபோது தளர்ந்தது.

உடனே சொந்த ஊரான மெர்லிமாவிலிருந்து அப்பா அழைத்தார். "நெஞ்சுவலி சட்டுனு விட்டுருச்சும்மா. மாத்திரைகூட போடல லா."

மறுநாளும் அப்படியே நடந்தது. அவள் அந்தப் பழைய கரைசல் இருந்த குப்பியை ஒளித்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த சக ஆய்வாளன் ஹாசிக் சிரித்தான். "செத்த மருந்த ஒளிச்சு எத்தன நாளு வெச்சிருப்ப? காலையிலயே சிங்க்ல ஊத்தி அடக்கம் பண்ணிட்டேன் லா."

திரையில் வளையத்தின் இறுக்கத்தைக் காட்டும் கோடு ஏறத் தொடங்கியிருந்தது. அவள் புது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கோடு இறங்கவில்லை.

கைப்பேசி அடித்தது. இம்முறை அழைத்தது அம்மா.