துடைக்காத கட்டை

தூக்குக்குண்டு ஆடிக்கொண்டிருந்தது.

சுவரின் தலையில் அதன் கட்டையை வைத்து, நூலைத் தொங்கவிட்டு, குண்டு நிற்பதற்காக அவள் காத்திருந்தாள். பந்தலுக்கு அடியில் சங்கமே காத்திருந்தது.

சுவர் கோணலாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

நினைத்ததும் வெட்கமாகிவிட்டது. நினைப்பு மட்டும் போகவில்லை.

சுவர் பூமயிலுடையது. நான்கடி உயரம், ஆறடி நீளம், விடிந்ததிலிருந்து ஒற்றை ஆளாய்க் கட்டியது. கட்டடத் தொழிலாளர் சங்கம் பெண்களுக்கு நடத்திய பயிற்சியில் முதலில் பரீட்சைக்கு வந்தவள் பூமயில்தான். சுவர் நேராக நின்றால் கொத்தனார் அட்டை. பயிற்சிக்கு இடம் கொடுத்த வணிகர் சங்கத் தலைவர், அங்கன்வாடி மதில் வேலையையும் பெண்களுக்கே விடுவதாகச் சொல்லியிருந்தார். கோணினால் பயிற்சி இத்தோடு சரி.

அந்தப் பயிற்சிக்காகப் பதினோரு வருடம் நாயாய் அலைந்தவள், குண்டு பிடித்து நிற்கும் அவள். மகளிர் அணிச் செயலாளர். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று, பெண்ணென்றால் சாகும்வரை சித்தாள்தானா, சட்டி தூக்குகிற கை கொத்துக்கரண்டி பிடிக்கக் கூடாதா என்று கேட்டுக் கேட்டு, ஆண்களின் வாயில் விழுந்து எழுந்தவள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார்கள்.

இதற்காவது வந்தார்களே என்று அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு நாற்பத்தேழு.

பூமயிலைச் சங்கத்தில் சேர்த்ததும் அவள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், சட்டியைத் தலையில் நிறுத்தத் தெரியாமல் கலவையைத் தோளெல்லாம் வழியவிட்ட பெண். சும்மாட்டை இறுக்கிச் சுற்றக் கற்றுக்கொடுத்ததும் அவள். அந்தப் பெண் இன்று காலையில் கலவையை அள்ளிப் போட்டு, கரண்டியால் ஒரே இழுப்பாக இழுத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

அவ்வளவு அழகாக இருந்தது அந்த இழுப்பு.

குண்டு நின்றது.

நேரான சுவரென்றால் பட்டும் படாமல் உரசி நிற்க வேண்டும். இது ஒரு நெல் கனம் விலகி நின்றது.

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். வணிகர் சங்கத் தலைவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், அவரவர்க்கு வருகிற வேலை என்று ஒன்று இருக்கிறதில்லையா என்று மெதுவாகச் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. தொழிலாளர் சங்கத் தலைவர் சவரிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் கட்டிய சுவரை ஆண் சோதித்தால் நாளைக்குப் பேச்சு வரும் என்று அவளைக் குண்டு பிடிக்கச் சொன்னவர் அவர்தான்.

அவள் விரலுக்கு ஏதோ நெருடியது.

கட்டைக்கும் சுவருக்கும் நடுவில், காய்ந்த சிமெண்ட் பொருக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விலகி நின்றது சுவரல்ல. கட்டை.

அது எங்கே ஒட்டியது என்று அவளுக்குத் தெரியும். குண்டு அவளுடையது. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும், வீட்டுக் கொல்லையில் குளிக்கிற இடத்துக்கு மறைப்புச் சுவர் ஒன்று கட்டுகிறாள். கட்டுகிறாள், கோணுகிறது, பிரிக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை.

இருபத்து மூன்று வருடம் கொத்தனார்களுக்குக் கட்டையைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தவள், இன்று துடைக்கவில்லை. மறந்துதான் போனாள். சத்தியமாக மறந்துதான் போனாள்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை.

சொல்லவில்லை.

பூமயில் முன்னால் வந்து குண்டைக் குனிந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. சண்டைக்கு வருவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தால் நல்லது, கோபப்பட வசதியாக இருக்கும்.

பூமயில் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா பாத்தா சரியாத்தாங்க இருக்கும். பிரிச்சுக் கட்டிர்றேன்.”

கரண்டியைச் செருகி மேல் வரியின் முதல் கல்லைப் பெயர்த்தாள். ஈரக் கலவையோடு வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைப் பெயர்த்தாள்.

மூன்றாவது கல்லில் கரண்டி பட்டபோது அவள் நிறுத்தச் சொன்னாள்.

முந்தானையால் கட்டையை அழுத்தித் துடைத்தாள். பொருக்கு கீழே விழுந்தது. பெயர்க்காத பக்கமாக நகர்ந்து மறுபடி வைத்தாள். குண்டு ஆடி ஆடி, சுவரை உரசி நின்றது. இவ்வளவு நேராக ஒரு சுவர் அவள் கையில் வந்ததே இல்லை.

கட்டையில் அழுக்கு இருந்தது என்று மட்டும் சொன்னாள். கூட்டம் கை தட்டியது. சவரிமுத்து அட்டையை எடுக்கப் போனார். வணிகர் சங்கத் தலைவர், தமக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூமயில் அந்தப் பொருக்கைப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். சிவப்போடிய ஓடை மணல். பயிற்சிக்கு வந்ததெல்லாம் சாம்பல் நிற எம்-சாண்ட். அவளை நிமிர்ந்து பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். சித்தாளின் கட்டையில் ஏன் சிமெண்ட் காய்கிறது என்று சுவர் கட்டுகிற ஒருத்திக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஆறு நாளும் அவள் எங்கே இருப்பாள் என்பதும் பூமயிலுக்குத் தெரியும்.

பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“ஞாயித்துக்கெழமை சட்டி தூக்க ஆள் வேணுமாக்கா?”

இரண்டு கல்லைப் பெயர்க்கிறவரை வாயை மூடிக்கொண்டு நின்றவளிடம் இப்படிக் கேட்க ஒருத்தியால் முடிகிறது. கரண்டியைவிட, அட்டையைவிட, அவளுக்கு இதன்மேல்தான் பொறாமையாக இருந்தது.

“எட்டு மணிக்கு மேல வந்தா வேலை இல்ல” என்றாள், இருபத்து மூன்று வருடம் கொத்தனார்களிடம் தான் கேட்டு வந்த அதே குரலில்.