மஞ்சள் விழுது

"வாயால சொல்றது பெருசில்லம்மா. எனக்கு ஒத்துக்கிற விழுது எதுன்னு எடுத்துக் காட்டு. அப்புறம் பேசலாம்."

சமையலறை வாசலில் நின்றபடி மகன் சொன்னான். அந்த அதட்டலைக் கேட்டால் பரீட்சை ஹால் வாத்தியார்கூட ஓரமாக ஒதுங்கி நின்றிருப்பார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

விழுது என்றால் கடையில் விற்கும் குழம்பு விழுதுதான். மணிக்கட்டு வலி வந்த பிறகு அரைக்கிற வேலையை விட்டுவிட்டு மூன்று வகை பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு நல்ல காரம். பச்சை அதற்கு அண்ணன். மஞ்சள் மட்டும்தான் தேங்காய்ப்பால் சேர்த்த சாது. வயிற்றுப் புண்காரனான மகனுக்கு அதை விட்டால் வேறு ஆகாது.

போன மாசம் அவன் வந்திருந்தபோது மஞ்சளுக்குப் பதில் சிவப்பு விழுந்துவிட்டது. இரண்டு நாள் சுருண்டு கிடந்தான். எழுந்து உட்கார்ந்ததுமே முடிவு கட்டிவிட்டான். அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. தனியாக விட்டால் வீட்டையே கொளுத்திக்கொள்வாள். அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டியதுதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அம்மா எழுப்பிய வீடு அது.

"எனக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்லடா. உன் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் பேரைச் சொல்லட்டுமா?"

"டீச்சரையா குழம்புல போடப் போறே?"

இதில் அம்மாவுக்கு ஆறாத சங்கதி ஒன்று உண்டு. இந்தப் பரீட்சைக்கு யோசனை சொன்னதே மருமகள்தான்.

காலையில் மகன் காரை நிறுத்திக்கொண்டிருக்க, அவள்தான் முதலில் உள்ளே வந்தாள். "வாம்மா! இந்தப் புடவை உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு!" என்று அம்மா வாய் நிறைய வரவேற்றாள். பதிலே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவள், விறுவிறுவென்று சமையலறைக்குள் போய் பாட்டில்களை உருட்ட ஆரம்பித்துவிட்டாள். அங்கிருந்து வந்ததும் புருஷனிடம் ஒரே போடாகப் போட்டாள்.

"சும்மா வாதாடிக்கிட்டே இருந்தா எப்படிங்க? அத்தை சமைச்சுக் காட்டட்டும். சரியா செஞ்சுட்டா இல்லம் கில்லம்னு நீங்க வாயைத் திறக்கக் கூடாது. செய்யலன்னா உங்க இஷ்டம்."

கழுத்தறுக்க வந்தவள் கத்தியைத் துடைத்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது அம்மாவுக்கு.

இப்போதும் விட்டாளா?

"பாட்டிலெல்லாம் ஒரே பிசுபிசுப்பு அத்தை. கழுவி வச்சிருக்கேன். லேபிள் உரிஞ்சு போச்சு. வரிசையும் கொஞ்சம் மாறியிருக்கும்."

இடது ஓரம் சிவப்பு, நடுவில் பச்சை, வலது ஓரம் மஞ்சள். அந்த வரிசையைத்தான் அம்மா மலைபோல் நம்பியிருந்தாள்.

"லேபிள் எதுக்கு? அதான் கலர் பளிச்சுனு தெரியுதே" என்று மகன் உள்ளே காலடி எடுத்து வைத்தான்.

"நீங்க அங்கேயே நில்லுங்க. கிட்ட வந்தா கண்ணால ஜாடை காட்டிடுவீங்க, சரியான அம்மா பிள்ளை!" மருமகள் தடுத்தாள். "சே, என் முடி ரப்பரை வேற காணோம். காலையில இருந்து தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கறேன். அது கிடைச்சாத்தான் இன்னிக்கு இந்த வீட்ல சாப்பாடே எறங்கும்."

"இங்க தலை போற விஷயம் நடக்குது, உனக்கு முடி ரப்பரா?"

அம்மா அலமாரியை நெருங்கினாள். மகன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. முதல் பாட்டிலைத் தொட்டாள், விட்டாள். இரண்டாவதை மெல்லத் தடவினாள். கை அதன் கழுத்திலேயே நின்றுவிட்டது.

இது கை கொடுப்பதா, காலை வாருவதா?

மூன்றாவது பக்கம் விரல் போகப் பார்த்தது. இழுத்துக்கொண்டாள். வந்தது வரட்டும் என்று இரண்டாவது பாட்டிலையே இரண்டு கையாலும் பொத்தி எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

"இதுதான்."



மூடியைத் திருகினாள். தேங்காய்ப்பால் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரியாத்தாம்மா எடுத்திருக்கே" என்றான் மகன். குரலில் அதட்டல் இல்லை.

கொதித்து இறக்கிய குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டே, "நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன். நீ இங்கேயே ராணி மாதிரி இரு" என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்கப் போனான்.

பின்னாலேயே கிளம்பிய மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள் அம்மா. இடுப்பில் செருகி வைத்திருந்ததை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். பாட்டில் கழுத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் கழற்றிய முடி ரப்பர்.

"முடியைக் கட்டிக்கோம்மா."

"வெள்ளிக்கிழமை நான் மட்டும் வர்றேன் அத்தை, டாக்டர்கிட்ட போறோம். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு ஆபரேஷன், சரியாப் போச்சு. அதுவரைக்கும் நீங்க அடுப்புப் பக்கமே போகக் கூடாது, சாப்பாடு நான் அனுப்பறேன். இப்பவே சொன்னா உங்க பிள்ளை பூட்டும் கையுமா வந்து நிப்பார்."

"பெத்த பிள்ளைக்கே தெரியல. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

மருமகள் முடியை அள்ளிக் கட்டிக்கொண்டே சிரித்தாள்.

"சுடிதார் போட்டுக்கிட்டு வந்தவளைப் பார்த்து, புடவை எடுப்பா இருக்குன்னீங்களே அத்தை!"