ஒரு பச்சைப் பட்டன்

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில், ஒரு கீபோர்டில் இருந்த 'சி'க்கும் 'வி'க்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஒன்று காப்பி எடுக்கும், மற்றது கொண்டுபோய் ஒட்டும்.

"இளம்பரிதியோட புராஜெக்ட் வெப்சைட் முழுக்க எங்க கைவண்ணம்தான். மளிகைக் கடை, கூடை, பில்லு, எல்லாத்தையும் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள முடிச்சுட்டோம்," என்றது சி.

அழிக்கும் வேலை பார்க்கும் பேக்ஸ்பேஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் பேராசிரியை அந்த வெப்சைட்டை வகுப்பில் திறந்து காட்டினார். பக்கத்தின் அடியில் 'உருவாக்கியவர்: ஷர்மிளா' என்று வேறொருத்தியின் பெயர் இருந்தது. வகுப்பே சிரித்தது.

"நீயே செஞ்சு கொண்டு வாப்பா. ஒரு பட்டன் இருந்தாலும் போதும்," என்றார் அவர்.

இளம்பரிதி லேபில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். தப்பு வந்தது, அழித்தான். மறுபடியும் தப்பு, மறுபடியும் அழித்தான். சாயங்காலம் திரையில் ஒரு பச்சைப் பட்டன் வந்தது. அழுத்தினால் 'வாங்க' என்றது.

"நாள் பூரா உழைச்சு ஒரே ஒரு பட்டனா?" என்று வி கேலி செய்தது.

பேக்ஸ்பேஸ் மூச்சு வாங்கியபடியே சிரித்தது. "நீங்க கட்டின கடைக்குள்ள அவன் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கலை. இந்தப் பட்டனை அமுக்குறதை நிறுத்தவே மாட்டேங்கிறான், பாரு."