மணிக்குள் சேறு

எருமை தொலையாமல் இருக்க மணி கட்டுவது அந்த மந்தையின் வழக்கம். புதிதாக வந்த சுட்டி என்ற எருமைக்கும் கட்டினார்கள். அன்றிலிருந்து அது புல்லில் வாய் வைக்கவில்லை.

"அடி எடுத்து வச்சாலே மண்டைக்குள்ள இடிக்குது அக்கா," என்றது.

"எங்க காதுல விழவா செய்யுது? பழகிடும்டி," என்றது கொம்பி எருமை.

மூன்று நாளாகியும் பழகவில்லை. விலா எலும்புதான் தெரிந்தது. நான்காம் நாள் சுட்டி குளத்தில் இறங்கி, மணி நிறையச் சேற்றை அப்பிக்கொண்டு எழுந்தது. சத்தம் நின்றது. வயிறு முட்ட மேய்ந்துவிட்டு, ஒரு தும்பியின் இறக்கைச் சத்தத்தையே வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றது.

"அப்படி என்னடி கேக்குது?" என்று கொம்பி பக்கத்தில் வந்தது. தும்பிக்குப் பதில் கொம்பிக்குத் தன் சொந்த மணிதான் கணகணவென்று கேட்டது. கொம்பி நின்றது. ஓரடி வைத்துப் பார்த்தது. மறுபடி நின்றது.

"ஏண்டி," என்றது மெதுவாக, "எந்தப் பக்கத்துச் சேறு?"