அட்மின் யுவராணி

"ராணி, கொஞ்சம் வாரியா? ஒன் விரல் இல்லாம இது நகர மாட்டேங்குது."

அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்த யுவராணி கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்தபடி ஓடிவந்தாள். முத்துகிருஷ்ணன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். கறுப்புத் திரையில் ஏதோ ஆங்கில வரி காத்துக்கொண்டிருந்தது. ஓரத்துச் சின்னப் பொத்தானில் அவள் விரலை வைத்ததும் எழுத்துகள் மளமளவென்று ஓடின.

கல்யாணமான புதிதில் அவன் பழக்கியது இது. ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு லாட்ஜில் ரூம் போட்டுத் தரும் வேலை என்று சொல்லியிருந்தான். உச்சிப்புளியில் இந்த வாடகை வீட்டிலிருந்தே பார்த்தான். முக்கியமாக எதை மாற்றினாலும் லேப்டாப் அட்மினின் விரலைக் கேட்கும். அந்த அட்மின் இனி நீதான் என்று அவள் பெயரையும் விரலையும் பதிந்து வைத்தான். தன் ரேகை தேய்ந்துபோய் எந்த மெஷினிலும் விழுவதில்லை என்றான். சொல்லிக்கொண்டே செல்போனை விரலால் தொட்டுத் திறந்து, வெட்கப்பட்டு நின்றவளைப் படம் எடுத்தான்.

பிறந்த ஊரான அபிராமத்தில் அண்ணன்களைக் கேட்காமல் கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவள் அவள். அவளைக் கேட்டு ஒரு காரியம் நடப்பது இதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு மின்ஹாவின் புருஷன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவன். மின்ஹா தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள் யுவராணி. தன் வீட்டுக்காரருக்கு ஒளித்துவைக்க ஒன்றுமில்லை என்று பெருமைப்பட்டாள்.

குழம்பு கொதிக்கும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. சைபர் கிரைம் எஸ்.ஐ. பூமயில் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னார். அப்பாவின் அஸ்தியைக் கரைக்க வந்த ஒரு குடும்பம், பணம் கட்டிய லாட்ஜைத் தேடி அலைந்து, அஸ்திக் கலசத்தோடு தெருவில் மழையில் நின்றிருக்கிறது. அப்படி ஒரு லாட்ஜே கிடையாது. அதைப்போல ஏமாந்தவர்கள் ஏராளம். அந்தப் போலி வெப்சைட் இந்த வீட்டிலிருந்துதான் நடக்கிறது.

யுவராணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். திறந்து காட்டிவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று லேப்டாப்பை அவளே எடுத்துவந்து வைத்தாள்.

பூமயில் முதலில் முத்துகிருஷ்ணனை விரல் வைக்கச் சொன்னார். வைத்தான், லேப்டாப் மறுத்தது. மறுபடியும் வைத்தான், மறுபடியும் மறுத்தது.

"அவருக்கு விழாது மேடம். நான் வைக்கிறேன்" என்று முந்திக்கொண்டாள் யுவராணி. வைத்ததுமே திறந்தது. அவனைப் பார்த்து, பயப்படாதீங்க என்பதுபோல் தலையசைத்தாள்.

பூமயில் வெகுநேரம் திரையைப் படித்தார். வெப்சைட்டை ஏற்றியது, லாட்ஜ் படங்களை மாற்றியது, ஏமாந்தவர்கள் அனுப்பிய புகார்களை அழித்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே பெயர்தான் இருந்தது.

"எல்லாத்துக்கும் நீங்கதான் விரல் வச்சீங்களா?"

"ஆமா மேடம், நான்தான்" என்றவள், மீதியை அவன் சொல்வான் என்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

முத்துகிருஷ்ணன் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன் மேடம். இவ கேக்கல."