குலுக்கலில் விழாத பையன்

"எத்தனை நாளைக்கு அமெரிக்காக்காரன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டே இருக்கப் போறோம்? நம்ம ராணுவத்துக்கு நாமதான் செலவு பண்ணணும்!"

பார்லர் டி.வி.யில் ஒருவர் மேசையைத் தட்டினார்.

"அப்படிப் போடு!" என்றாள் குன்வூ அம்மா. தலை முழுக்க முடி சுருட்டும் குச்சிகள், மேலே பிளாஸ்டிக் உறை.

பக்கத்து நாற்காலியில், அதே கோலத்தில், எதிர்வீட்டு தேயுன் அம்மா.

இரண்டு பையன்களும் ஒன்றாகத்தான் கட்டாய ராணுவச் சேவைக்குப் போனார்கள். இங்கேயே இருக்கும் அமெரிக்க ராணுவ முகாமில் வேலை பார்க்க, குலுக்கலுக்கு இருவருமே பெயர் கொடுத்தார்கள். தேயுனுக்கு விழுந்தது. குன்வூ வடக்கு எல்லையில், மலைமேல் காவல் நிற்கிறான்.

"கூட்டாளி நாடும் வேணுமில்லையா?" என்றார் டி.வி.யில் இன்னொருவர்.

"இவர் பையனும் அமெரிக்க முகாம்லதான் இருப்பான் போல!" என்றாள் குன்வூ அம்மா. "உங்க பையனுக்கு என்னங்க, மத்தியானம் பர்கர், வாரக் கடைசின்னா வீடு. என் பையன் பனியில நிக்கிறான்."

"நம்ம குன்வூவை நினைச்சா எனக்கும்..."

"என் பையன்" என்று திருத்தினாள்.

ஒற்றைப் பிள்ளை பெற்றவள்கூட 'நம்ம பையன்' என்று சொல்கிற ஊர் இது. குலுக்கலுக்கு அப்புறம் குன்வூ அம்மா மட்டும் 'என்', 'உங்க' என்று பிரித்தே பேசினாள்.

"அக்கா, தலையை ஆட்டாதீங்க, சுருள் அவிழ்ந்துடும்" என்றாள் பார்லர் நடத்தும் ஓக்சில்.

"இந்த வருஷம் அரசாங்கத்துக்கே புத்தி வந்துடுச்சு, ஓக்சில். சட்டைக்குள்ள வச்சுக்கிற சூட்டுப் பொட்டலம், எல்லையில நிக்கிற பசங்களுக்குப் பெட்டி பெட்டியா வருதாம். செலவு பண்ணினா ஏன் முடியாது? அடுத்தவங்க கையை எதிர்பார்க்கவே வேணாம்!"

தேயுன் அம்மா பார்லி டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

போன் அடித்தது. குன்வூ. காதில் வைத்தால் சுருளுக்குப் போட்ட மருந்து ஒட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, தேயுன் அம்மா வீட்ல இல்லையா? போனே எடுக்கலை."

"அவங்ககிட்ட உனக்கென்னடா வேலை?"

"சூட்டுப் பொட்டலம் வந்து சேர்ந்துடுச்சுன்னு சொல்லத்தான். இந்தத் தடவை அவங்க அனுப்பினது எங்க கூடாரத்துக்கே போதும்... ஐயோ! உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாங்களே. உனக்கு மனசு கஷ்டப்படுமாம்."

சட்டென்று வைத்துவிட்டான்.

"நம்ம கால்ல நாம நிக்கணும்!" டி.வி.க்காரர் மறுபடியும் மேசையைத் தட்டினார்.

"ஓக்சில், அந்தாளை அணை. காது வலிக்குது."

தேயுன் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. குலுக்கல்தானே... மாத்தி விழுந்திருந்தா, மலைமேல நிக்கிறது தேயுனா இருந்திருப்பான்."

குன்வூ அம்மா கண்ணாடியில் அவளையே முறைத்தாள். கண் கலங்கியிருந்தது. கேட்டால் மருந்து நெடி என்பாள்.

"அதெல்லாம் சரி. எனக்கு முன்னாடி உங்களுக்கா போன் பண்ணினான், நம்ம பையன்?"