வெறும் பாத்தி

"தோட்டம் முடிஞ்சால் வாறன் எண்டு சொன்னனீங்கள் அம்மா. இஞ்ச பாருங்கோ, முடிஞ்சு போச்சு."

சொல்லிவிட்டுப் பிருந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் ரானுயியில் அம்மா இருக்கும் வீட்டின் பின்வளவு அப்படித்தான் கிடந்தது. பயித்தங்கொடி சருகாகிப் பந்தலில் தொங்கியது. தக்காளிச் செடிகள், இந்த நாட்டில் குளிர் தொடங்கும் மே மாத மழையில் கறுத்துச் சாய்ந்திருந்தன. மிளகாய்க் கன்றில் மட்டும் ஒன்றிரண்டு காய்கள், போக மனமில்லாத விருந்தாளிகளைப் போல.

அப்பா சோதிலிங்கம் காலமான பிறகு அம்மா தமயந்தி இந்த வீட்டில் தனியாக இருந்தாள். போன குளிர்காலத்தில் பின்படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து, எல்லர்ஸ்லியில் தன்னோடு வந்து இருக்கும்படி அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மாடி ஃபிளாட், ஹீட்டர், சின்னதாக ஒரு பல்கனி, எல்லாம் உண்டு. தமயந்தியிடம் ஒரே பதில்தான். மண்ணில் ஏதாவது நிற்கும்வரை வரமாட்டாளாம்; தோட்டம் வெறுமையானால் அன்றைக்கே பெட்டி கட்டுவாளாம். கொடுத்த வாக்கை அவள் மாற்றியதில்லை.

இன்று "ஓம், எல்லாத்தையும் பிடுங்கு" என்று மட்டும் சொன்னாள்.

பிடுங்கப் பிடுங்க, வேரோடு பழைய நாட்களும் சேர்ந்து வந்தன. பென்ரோஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்தால், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அப்பா நேரே இங்கேதான் வந்து நிற்பார். பந்தலுக்கு அவர் கட்டிய நைலோன் கயிறு இன்னும் இறுக்கமாக இருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பிருந்தன் கத்தியால் அறுத்தான். அறுக்கும்போது கண் கலங்கியது.

"அப்பா ஒருநாளும் கொத்தின பாத்தியை இரவுக்கு வெறுமையா விடமாட்டார், என்னம்மா?" என்றான். "மழைக்குள்ளயும் என்னை டோர்ச் பிடிக்கச் சொல்லிப்போட்டு என்னத்தையாவது நடுவார்."

"ஓம். வெறும் மண்ணை விட்டிட்டுப் படுத்தால் அந்த மனுசனுக்கு நித்திரை வராது."

பிறகு பாத்தியையும் கொத்திவிடச் சொன்னாள். வீட்டை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல மண்ணென்று தெரியட்டுமாம். ஆழமாகக் கொத்தச் சொன்னாள். ஆட்டெரு மூட்டையை அவிழ்த்துக் கலக்கச் சொன்னாள். கட்டிகளை உடைக்கச் சொன்னாள். இடுப்பு விட்டுப்போனாலும் பிருந்தன் கொத்திக்கொண்டே இருந்தான். கடைசியாகக் கேட்கிறாள், செய்துகொடுப்போம் என்றிருந்தது. இந்த மண்ணிலிருந்து அவளைக் கிளப்புவது பாவம் என்று ஒரு பக்கம் உறுத்தவும் செய்தது.

பொழுது சாய்ந்தபோது பாத்தி மெத்தென்று, ஒரு புல்லும் இல்லாமல் கிடந்தது. அவன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான்.

"சரி அம்மா, பெட்டியைக் கட்டுவமா?"

தமயந்தி உள்ளே போனாள். தேத்தண்ணியோடு வருவாள் என்று பார்த்தால், ஒரு சுளகு நிறைய, பல்லுப் பல்லாக உடைத்த உள்ளிப்பூண்டோடு வந்தாள். காலையிலேயே உடைத்து வைத்திருக்க வேண்டும்.

"கொத்தின பாத்தியை வெறுமையா விடக்கூடாதெண்டு நீதானே தம்பி சொன்னனீ? இருட்ட முதல் இதை ஊண்டு. மார்கழியில கிண்டி எடுத்தாப் பிறகு பெட்டியைப் பற்றிக் கதைப்பம்."

பிருந்தன் போனில் டோர்ச்சைப் போட்டு அவளிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, குனிந்து முதல் பல்லை ஊன்றினான்.